ஒட்டு எங்கே இருக்கிறது? – இங்கிலாந்தில் ஆறு நாள்

நாள் 1 – புதன், நியூபோர்ட் பேக்னல்

விமானம் ஏறுமுன் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். "காரைப் பாத்ததும் முன்னாடி நின்னு வாயைப் பொளந்துட்டு நிக்காத கண்ணு. ஒட்டு எங்க இருக்குன்னு பாரு." தகடும் தகடும் சேரும் இடத்தைத்தான் அவர் ஒட்டு என்பார்.

அப்பா கரூரில் முப்பத்தைந்து வருடம் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவர். எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வெறும் சேசிஸ் வந்து பட்டறை வாசலில் நிற்கும். இன்ஜின், ஆறு டயர், ஸ்டீயரிங், அவ்வளவுதான். ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முகத்தில் அப்பியிருக்கும் புழுதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு டீ கேட்பார். அதற்கப்புறம் அந்த எலும்புக்கூடு பஸ்ஸாக மாறுவது பட்டறையின் பொறுப்பு. சேசிஸ் ஒருத்தர், பாடி இன்னொருத்தர் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கார்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஜாகுவார் இ-டைப், ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 என்று எல்லோரும் தொடங்குவார்கள். நான் தேடி வந்தது அவற்றின் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளை. அதே சேசிஸ், ஆனால் வேறொரு பட்டறையின் பாடி. 12, 19, 26 என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கட்டப்பட்டவை. மச்சினன் மில்டன் கீன்ஸில் இருக்கிறான். அவன் கார், அவன் பெட்ரோல், என் பைத்தியம். மனைவியும் பிள்ளைகளும் புத்திசாலித்தனமாக வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

அவன் வீட்டிலிருந்து நியூபோர்ட் பேக்னல் கால் மணி நேரம். சின்ன ஊர். 1810-ல் வார்த்த இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. பாலத்திலிருந்து டிக்ஃபர்ட் தெருவில் கொஞ்சம் நடந்தால் ஆஸ்டன் மார்ட்டின் வர்க்ஸ். இது முதலில் கார் ஊரே இல்லை. 1830-லிருந்து சால்மன்ஸ் குடும்பம் இங்கே குதிரை வண்டி கட்டியது. பிறகு அவர்களே டிக்ஃபர்ட் என்ற பெயரில் ஊரார் கார்களுக்கெல்லாம் பாடி கட்டினார்கள். பல்சக்கரமும் டிராக்டரும் செய்து பணக்காரரான டேவிட் பிரவுன் 1947-ல் ஆஸ்டன் மார்ட்டினை 20,500 பவுண்டுக்கு வாங்கினார். ஐம்பதுகளின் நடுவில் இந்த டிக்ஃபர்ட் பட்டறையையும் வாங்கி, கார் தயாரிப்பை இங்கே கொண்டுவந்தார். அதாவது பாடி பட்டறையைத் தேடி கார் கம்பெனி வந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னால் ஒரு வாரம் பெருமையாக நடப்பார். 2007-ல் கடைசிப் புதுக் காரும் வெளியேறிவிட, இப்போது இங்கே பெரும்பாலும் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் வேலைதான்.

ஷோரூமில் ஒரு டிபி5 நின்றது. பானெட்டின் பக்கவாட்டில் 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று சாய்ந்த எழுத்து. இத்தாலிய மொழியில் 'மிக லேசானது' என்று அர்த்தம். மிலானில் இருந்த டூரிங் என்ற பாடி கம்பெனியின் முறை அது, அதை உரிமம் வாங்கி இங்கே கட்டினார்கள். திருவிழாவுக்கு மூங்கில் பிளாச்சை வளைத்து யானை கட்டி, மேலே காகிதம் ஒட்டுவார்களே, அந்த வேலையேதான். மூங்கிலுக்குப் பதில் மெல்லிய இரும்புக் குழாய், காகிதத்துக்குப் பதில் அலுமினியத் தகடு.

டேவிட் பிரவுனுக்கு வேட்டையும் உண்டு, நாயும் உண்டு. டிபி5-ன் பின்சீட்டில் நாய்க்கு இடம் போதவில்லை. தனக்கென்று நீளக் கூரையும் பின்கதவும் வைத்து ஒன்று கட்டச் சொன்னார். பார்த்த நண்பர்கள் எங்களுக்கும் என்று கேட்க, தொழிற்சாலைக்கு அதற்கெல்லாம் நேரமில்லாமல், லண்டனில் ஹெரால்ட் ராட்ஃபோர்டின் பட்டறைக்கு வேலை போனது. முழுசாக முடிந்த டிபி5-ஐ எடுத்துப் பின்பாதிக் கூரையை அறுத்து, குழாய்ச் சட்டத்தை நீட்டி, புதுத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். மொத்தம் 12. இதற்குப் பெயர் ஷூட்டிங் பிரேக். உலகத்திலேயே அழகான காரை நாய்க்காக அறுத்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஷூட்டிங் பிரேக் இன்று கண்ணில் படவில்லை. ஆனால் கத்தி எங்கே பட்டிருக்கும் என்று இந்த டிபி5-ன் கூரையும் பின்தூணும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். ஒட்டு தெரியவே இல்லை. பற்றவைத்து, அரம் போட்டு, தண்ணீர் வழிந்த மாதிரி இழைத்திருக்கிறார்கள். விரலால் தடவ ஆசைதான். கோட் சூட் போட்டவர் ஒருவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிருந்து சேசிஸாகவே மிலானுக்குப் போன கூட்டமும் உண்டு. அங்கே ஜகாட்டோ என்ற பட்டறை பாடி கட்டிய டிபி4 ஜிடி ஜகாட்டோ. 1960 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் முதல் கார் நின்றது. வரைந்த எர்கோலே ஸ்பாடாவுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். பம்பர் இல்லை, தகடு இன்னும் மெல்லிசு. 25 கட்டுவதாகத் திட்டம், 19-ஓடு நின்றுபோனது. அன்றைக்கு வாங்க ஆள் இல்லை. அதில் ஒன்று 2018-ல் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது.

நாள் 2 – வியாழன், மால்வெர்ன்

காலையில் அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "கூரைய நீட்டுனா பின்கதவு எடை ஏறுமே. கீலு எங்க வெச்சான்?" தெரியவில்லை அப்பா.

மால்வெர்ன் மலையடிவாரம். பிக்கர்ஸ்லி சாலையில் மோர்கன் தொழிற்சாலை. செங்கல் கொட்டகைகள் சரிவில் வரிசையாக இறங்குகின்றன. பாதி முடிந்த காரை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து இதே இடம். டிக்கெட் வாங்கினால் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள்.

மரவேலைக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது எங்கள் பட்டறையின் பழைய வாசனை. பெட்ரோல், பெயின்ட் எதுவும் இல்லை, மரத்தூள் மட்டும். மோர்கன் காரின் பாடிச் சட்டம் இன்றும் ஆஷ் மரம். "சேசிஸே மரமாமே" என்று பலர் நம்புகிறார்கள், அது தப்பு. சேசிஸ் எப்போதும் உலோகம்தான். முன்பு இரும்பு ஏணிச் சட்டம், இப்போது அலுமினியம். அதன்மேல் மரச்சட்டம், மரத்தின்மேல் தகடு. நம் ஊரில் அந்தக் காலப் பஸ்களுக்குத் தேக்குச் சட்டம் வைத்து மேலே தகடு அடித்த அதே கணக்கு.

ஆஷ் ஏன் என்றால், அது லேசு, உறுதி, வளையும். பின்சக்கரத்தின் மேல் வரும் வளைவைச் செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மெல்லிய மூன்று பட்டைகள். ஒவ்வொன்றிலும் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வளைந்த அச்சில் அழுத்தி, சுற்றிலும் கவ்விகளைப் போட்டு முறுக்குகிறார் ஒருவர். கடைசித் திருகின்போது பட்டைகளுக்கு நடுவிலிருந்து பசை மணிமணியாகப் பிதுங்கி வந்தது. கட்டைவிரலால் அதை வழித்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். காய்ந்து வெளியே வரும்போது அது மூன்று பட்டையாக இருக்காது, ஒரே வில். அடுத்த கொட்டகையில் ஒருவர் கொட்டாப்புளியால் தகட்டின் விளிம்பைத் தட்டித் தட்டி மரத்தின்மேல் மடித்துக்கொண்டிருந்தார். தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், மறுபடி தட்டுவார். அப்பாவும் அப்படித்தான். தகடு மரத்தில் முழுசாக உட்கார்ந்துவிட்டால் சத்தம் மாறும். கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும் என்பார்.

ஊருக்கே பழமைவாதி என்று பெயரெடுத்த இந்த மோர்கனும் ஒரு தடவை சபலப்பட்டது. 1963 லண்டன் கண்காட்சியில் பிளஸ் 4 பிளஸ் என்று ஒரு காரை நிறுத்தினார்கள். அதே பழைய சேசிஸ், அதன்மேல் ஃபைபர் கிளாசில் வார்த்த மூடிய கூப்பே. கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை. கார் ஒன்றும் மோசமில்லை. வாடிக்கையாளர்கள்தான், "எங்களுக்கு மோர்கன் போதும், இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். 26 கட்டியதோடு கதை முடிந்தது. எனக்கென்னவோ அந்தக் கூரை அவ்வளவாகப் பிடிக்காது. மச்சினன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நல்லாத்தான இருக்கு" என்றான். அவனுக்குக் கார் ரசனை கிடையாது.

இன்னொன்று, எஸ்எல்ஆர். 1962-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மோர்கனை ஜெயிக்கவைத்த கிறிஸ் லாரன்ஸின் கைவரிசை. அடுத்து நேர்ச்சாலையில் காற்று தடுக்காத ஒரு பாடி வேண்டும் என்று அலுமினியத்தில் கட்டினார்கள். மொத்தம் நான்கு. மூன்று மோர்கன் சேசிஸின் மேல், ஒன்று டிரையம்ஃப் டிஆர்4-ன் மேல். பக்கத்தில் நிற்கும் சாதா மோர்கனுக்கும் இதற்கும் அடியில் ஓடுவது ஒன்றே என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

நாள் 3 – வெள்ளி, கேடன்

நாள் முழுக்க மழை. பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய விமானப்படைத் தளத்தில் இருக்கிறது, பக்கத்தில் ரயில் கிடையாது. மச்சினன் இல்லாவிட்டால் நான் திண்டாடியிருப்பேன்.

நான் போனது ஒரே காருக்காக. ஜாகுவார் எக்ஸ்ஜே13. லெ மானில் ஓட 1966-ல் கட்டியது, ஒரே ஒரு கார், நடுவில் ஐந்து லிட்டர் வி12. வரைந்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர், வளைவுகளைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர். பந்தயத்துக்குப் போகாமலேயே அந்தக் காரை மூலையில் போட்டுப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள். 1971 ஜனவரியில் புது வி12 இ-டைப்புக்கு விளம்பரப் படம் எடுக்க வேண்டும் என்று சோதனைப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியவர் நார்மன் டூயிஸ். சக்கரம் உடைந்து, கார் குட்டிக்கரணம் போட்டு, வயலில் போய் விழுந்தது. டூயிஸ் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒளிந்துகொண்டதால் பிழைத்தார். கார் கசங்கிய காகிதம்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. முதல் பாடியைத் தட்டிய அபே பேனல்ஸ் என்ற கோவென்ட்ரிப் பட்டறையிடமே மறுபடி வேலை போனது. தட்டிக் கட்டிவிட்டார்கள். ஆனால் அச்சு அசல் இல்லை, சக்கரத்தின் மேல் உப்பல் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் நான் இன்றைக்குப் பார்த்தது அசலா நகலா? சேசிஸ் எண் ஒன்று, கையும் ஒன்று, தகடு மட்டும் வேறு. கடலை வறுவல் கொறித்துக்கொண்டே மச்சினனும் நானும் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் இதற்குச் சண்டை போட்டோம். பாதி பெட்டி கடலை தீர்ந்ததுதான் மிச்சம்.

பக்கத்தில் எம்ஜி இஎக்ஸ்181. சோப்புக்கட்டி மாதிரி வழவழ. 1959-ல் அமெரிக்க உப்புப் பாலைவனத்தில் பில் ஹில் இதில் மணிக்கு 254 மைலுக்கு மேல் போனார், அதுவும் ஒன்றரை லிட்டர் இன்ஜினில். சரி, இது தெருவுக்கு வந்த காரே இல்லை, இதோடு விடுகிறேன்.

நாள் 4 – சனி, கோவென்ட்ரி

பிரவுன்ஸ் லேன். பெயர் மட்டும்தான் மிச்சம். ஜாகுவார் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று வீடுகளும் கிடங்குகளும். ஒரு வீட்டு வாசலில் சின்னப் பையன் பிளாஸ்டிக் ஸ்கூட்டரில் வட்டமடித்துக்கொண்டிருந்தான்.

1957 பிப்ரவரி 12 இரவு இங்கே தீப்பிடித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எக்ஸ்கேஎஸ்எஸ் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். டி-டைப் பந்தயக் கார் விற்காமல் மிஞ்சிவிட்டது. அதைத் தெருவில் ஓட்டுகிற மாதிரி மாற்றி அமெரிக்காவில் விற்கலாம் என்று யோசனை. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருந்த துடுப்பை அறுத்தார்கள். ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு கதவு, முழு அகலத்துக்கு முன்கண்ணாடி, மழைக்கு ஒரு துணிக்கூரை, கொசுவர்த்திக் கம்பி மாதிரி இரண்டு பம்பர். டிக்கி இல்லாததால் பின்னால் பெட்டி கட்ட ஒரு கம்பிச்சட்டம். இவ்வளவு செய்தும் அது வீட்டு நாயாகவில்லை, கழுத்தில் பட்டை கட்டிய சிறுத்தையாகத்தான் இருந்தது. 25 கட்டத் திட்டம். தீயில் 9 போனது, மிஞ்சியது 16.

ஜாகுவாரின் வேரே பாடி கட்டும் வேலைதான் என்பதை மறந்துவிடுகிறோம். வில்லியம் லயன்ஸ் 1922-ல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்து தொடங்கியவர். 1927-ல் ஏழைபாழை வாங்கும் ஆஸ்டின் 7 காரின் சேசிஸை எடுத்து, அதற்கு வட்ட மூக்கும் இரட்டை வண்ணமும் கொடுத்துப் பணக்காரக் களையை உண்டாக்கினார். வியாபாரம் பிடித்துக்கொள்ள, அடுத்த வருடம் கோவென்ட்ரிக்கு வந்தார். ஊரான் சேசிஸில் தொடங்கிய பட்டறை அது.

லைட்வெயிட் இ-டைப்பும் இதே தொழிற்சாலைப் பிள்ளைதான். 1963-ல் இரும்பு பாடிக்குப் பதில் அலுமினியம். 18 எண்களை ஒதுக்கி வைத்து 12 தான் கட்டினார்கள். மிச்சம் 6 எண் ஐம்பது வருடம் காலியாகவே கிடந்தது. 2014-ல் அந்த ஆறையும் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு தீயில் போன ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ்ஸுக்கும் ஈடாக ஒன்பது கட்டுவதாக 2016-ல் அறிவித்தார்கள். விட்டகுறை தொட்டகுறை என்று நாம் சொல்வதை இவர்கள் கோடிக்கணக்கில் விற்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை. ஆனால் தட்டிய கை வேறு, காலம் வேறு. நேற்றைய எக்ஸ்ஜே13-ல் நான் 'அசல்' பக்கம் நின்று வாதாடினேன். இந்த ஆறுக்கும் ஒன்பதுக்கும் அந்த வாதம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. மச்சினன் இதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சிரித்தான்.

நாள் 5 – ஞாயிறு, ஆக்ஸ்ஃபோர்டுஷையர்

ஞாயிறு காலையில் கிராமத்து மதுக்கடை வாசல்களில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள் என்று மச்சினனின் அலுவலக நண்பர் சொல்லியிருந்தார். போனோம். முப்பது கார் இருக்கும், பாதி எம்ஜிபி. ஓரமாக வெள்ளையில் ஒரு கூப்பே நின்றது. முகத்தைப் பார்த்தால் இத்தாலி. மூக்கில் டிரையம்ஃப் சின்னம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. டிரையம்ஃப் இட்டாலியா 2000.

டிஆர்3-ன் சேசிஸும் இன்ஜினும் கோவென்ட்ரியிலிருந்து இத்தாலிக்குப் போகும். டூரினில் விக்னாலே பட்டறை பாடி கட்டும். வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-லிருந்து 1962 வரை சுமார் 330 கட்டினார்கள். உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர், மனைவியோடு மடக்கு நாற்காலி போட்டு ஃபிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒட்டுப் பைத்தியத்தைச் சொன்னதும் எழுந்து வந்து, "இங்கே கை வை" என்று முன் மட்கார்டு கதவை நோக்கி வரும் இடத்தைக் காட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்பக்கம் விரலை விட்டுத் தடவினால் நெடுக ஒரு மேடு. தகடுகளைப் பற்றவைத்து, மேலே ஈயம் உருக்கி ஊற்றி இழைத்திருக்கிறார்கள். நம் ஊர் டிங்கர் பட்டி போடுகிற இடத்தில் அவர்கள் ஈயம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் சொன்னார். இடதுபக்கக் கதவு வலதுபக்கத்தைவிட ஒரு நூல் நீளமாம். வேறொரு இட்டாலியாவின் கதவைக் கழற்றி இதில் மாட்டினால் பொருந்தாதாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பேரனின் சேட்டையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸுக்குத் தெற்கே என்று தொடங்கி, "எங்கள் தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான்" என்றேன். அவர் மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். டிரையம்ஃபுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. சேசிஸும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த நவீன பாடியைச் செய்து தர டிரையம்ஃபுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஹெரால்டுக்குப் பழைய வழியில் தனிச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முறுக்கும் பாடி. இந்த முடை ஒரு வரமாகிவிட்டது. அதே சேசிஸில் செடான், கூப்பே, கன்வர்டிபிள், எஸ்டேட், வேன் என்று எதை வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ளலாம். உதிரியாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதும் சுலபம். அப்படித்தான் சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பிறந்தது. பிறகு அங்கேயே அதற்கு நாலு கதவும் வைத்தார்கள். தாத்தாவின் கார் பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதன்மேல் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறேன். 1961-ல் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபை விலைக்கு வாங்கியது லேலண்ட். அப்பா வாழ்நாள் முழுக்கப் பாடி கட்டிய சேசிஸின் நெற்றியில் இருந்த அதே லேலண்ட்.

பெரியவர் என்னைக் காரில் உட்காரவைத்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டேன். அவ்வளவுதான், அதற்குமேல் எழுத வரவில்லை.

மதியம் ஆபிங்டன். எம்ஜி தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த கடைசி எம்ஜிபி ரோட்ஸ்டர் ஊர் நடுவில் இருக்கும் பழைய கவுண்டி ஹால் மியூசியத்தில், மாடியில் இருக்கிறது. 2011-ல் முப்பதடி உயரத்துக்குத் தூக்கி, ஜன்னல் வழியாக நுழைத்தார்கள், இரண்டு பக்கமும் சில அங்குலமே இடைவெளி. கீழே நின்று அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தபோது அப்பாவின் பட்டறையில் பஸ் வெளியேறும் கேட் ஞாபகம் வந்தது.

எம்ஜியின் வெளிப்பிள்ளைகளில் எனக்குப் பிடித்தது ஆர்னால்ட்-எம்ஜி. 1952 டூரின் கண்காட்சியில் நூச்சியோ பெர்டோனே இரண்டு எம்ஜி டிடி சேசிஸின் மேல் தன் பாடியைக் கட்டி நிறுத்தியிருந்தார். அவர் கம்பெனி அப்போது மூழ்கும் நிலை. சிகாகோ வியாபாரி ஸ்டான்லி ஆர்னால்ட் வந்தார், இரண்டையும் பார்த்தார், இருநூறு வேண்டும் என்றார். பெர்டோனேவுக்கு உயிர் வந்தது. சேசிஸ் கிடைக்காமல் 103-ல் நின்றாலும் பட்டறை பிழைத்துக்கொண்டது. பின்னாளில் லம்போர்கினி மியூராவுக்குப் பாடி கட்டிய பட்டறை அது.

பிரஸ்ஸல்ஸில் ஜாக் கூன் என்பவர் எம்ஜிபிக்குச் சாய்ந்த கூரை வைத்து பெர்லினெட் என்று 56 கட்டினார். 1965-ல் எம்ஜியே இத்தாலியப் பட்டறையான பினின்ஃபரீனாவின் கைபட்ட எம்ஜிபி ஜிடியைக் கொண்டுவர, அதோடு கூனின் பெர்லினெட்டுக்கு வேலை இல்லாமல் போனது. ஜிடியின் ரகசியம் முன்கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தியதுதான். அதைச் செய்த பிறகே கூரைக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

நாள் 6 – திங்கள், ஹோவ்

கடைசி நாள். கடற்கரை ஊர், காற்று ஆளைத் தள்ளுகிறது. நான் வந்தது கடலுக்கு இல்லை. தாமஸ் ஹாரிங்டன் கம்பெனி இங்கேதான் 1966 வரை பஸ் பாடி கட்டியது. ஆமாம், பஸ். அவர்களுடைய கேவலியர் மாடல் சுற்றுலா பஸ்ஸின் படத்தை அப்பாவுக்கு அனுப்பியபோது, "நெத்தி வளைவு யாரு கையிது, சுத்தம்" என்று பதில் வந்தது.

பஸ்ஸுக்கு ஃபைபர் கிளாஸ் வார்த்துப் பழகிய கை, 1961-ல் சன்பீம் ஆல்பைன் என்ற திறந்த காரின் பக்கம் திரும்பியது. தொழிற்சாலையிலிருந்து முடிந்து வந்த காரை எடுத்து, துணிக்கூரையைக் கழற்றி எறிந்து, பின்பக்கம் வரை சாய்ந்து இறங்கும் ஃபைபர் கூரையை மேலே ஒட்டினார்கள். அந்த வருடம் லெ மானில் பீட்டர் ஹார்ப்பரும் பீட்டர் பிராக்டரும் ஒரு ஹாரிங்டன் ஆல்பைனில் எரிபொருள் சிக்கனத்துக்கான பரிசை வென்றார்கள். அந்தப் பெயரிலேயே ஹாரிங்டன் லெ மான் என்று ஒரு வகை வந்தது, சுமார் 250. அதில் ஆல்பைனின் கூர்மையான வால்களையும் செதுக்கி எறிந்துவிட்டார்கள். விம்பிள்டன் டிரையம்ஃப் வியாபாரி ஒருவருக்காக டிஆர்4-க்கும் இதே மாதிரிக் கூரை போட்டார்கள். டோவே ஜிடிஆர்4. அது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும்.

இட்டாலியாக்காரர் நேற்று ஒரு போன் போட்டுக் கொடுத்ததில், பக்கத்து ஊரில் ஹாரிங்டன் ஆல்பைன் வைத்திருக்கும் ஒருவர் தன் கராஜைத் திறந்துவிட்டார். நீல நிறக் கார், வாசலில் இரண்டு பூனை. சட்டென்று குனிந்து கூரையும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்த்தேன். இருக்கிறது! ஆறு நாளில் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒட்டு. பெயின்ட்டில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல், பின்தூணின் அடியிலிருந்து ஒரு சாண் நீளம். அவர் கூச்சப்பட்டுப் போனார். மூன்று தடவை சரிசெய்து பெயின்ட் அடித்தாயிற்று, திரும்பத் திரும்ப வருகிறது என்றார்.

படமெடுத்து அனுப்பிய இரண்டாவது நிமிடம் அப்பா வீடியோ காலில் வந்துவிட்டார். பனியனோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "கிட்ட கொண்டு போ. இன்னும் கிட்ட. அது ரெண்டும் வேற வேற சாமான்டா. வெயிலுக்கு ஒண்ணு ஒரு மாதிரி நீளும், இன்னொண்ணு வேற மாதிரி. பட்டி போட்டா வெடிக்கத்தான் செய்யும். அந்த எடத்துல ஒரு கோடு விடச் சொல்லு. பஸ்ஸுல நாங்க மேல பீடிங் அடிச்சு மறைப்போம்."

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, ஹாரிங்டன் பஸ்ஸில் பீடிங் எந்த இடத்தில் போகும் தெரியுமா என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா தமிழில் பதில் சொன்னார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிவெட்டுக்கு ரிவெட் எத்தனை அங்குலம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மச்சினன் தெருவிலிருந்து, பார்க்கிங் நேரம் முடிகிறது என்று கையை ஆட்டினான்.